எழுவாய் மழை, பயனிலை அகதி

1

சில ஆண்டுகளாக நம் பத்திரிகைகளில் ஒரு புதிய சோகம் பரவிவருகிறது. கடல் ஏறுகிறது, ஆறு வற்றுகிறது, பூமி கொதிக்கிறது, மனிதன் அகதியாகிறான். இந்த நாலையும் எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் ஒரு கவிதை தேறிவிடுகிறது. கடைசி வரியில் நாம் எல்லோருமே அகதிகள்தான் என்று வந்துவிட்டால் அதற்குத் தத்துவ கனமும் சேர்ந்துவிட்டதாக எழுதியவர் நினைக்கிறார், படிப்பவரும் தலையாட்டுகிறார். முன்பு இதே இடத்தில் நாம் எல்லோருமே தனியர்கள் என்று வந்துகொண்டிருந்தது. அந்நியமாதல் என்ற சரக்கு விற்றுத் தீர்ந்து இப்போது புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது. கடை அதேதான், தராசும் அதேதான்.

இந்தக் கவிதைகளைக் கேலி செய்கிற முற்போக்கு நண்பர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலநிலை என்ற பேச்சே பணக்கார நாடுகள் தம் பழியை மறைக்கக் கட்டிவிட்ட கதை. ஏகாதிபத்தியம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு மழையைப் பற்றி யாரும் பேசவேண்டிய அவசியம் இல்லை. மழை பெய்ததா, எங்கே பெய்தது, ஏன் நின்றது என்பதெல்லாம் வானிலைக்காரர்கள் பாடு.

இந்த இரண்டு கோஷ்டியும் ஒன்றையொன்று விரோதியாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. என் பார்வையில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். யார், யாரை, எங்கிருந்து, எதைக் கொண்டு துரத்தினான் என்ற ஒரு வாக்கியத்தை முழுசாக எழுத இரண்டுமே மறுக்கின்றன. முதல் கோஷ்டி மழையை எழுவாயாக்கி மனிதனை விட்டுவிடுகிறது. இரண்டாவது கோஷ்டி ஒரு கோஷத்தை எழுவாயாக்கி மழையை விட்டுவிடுகிறது. வாக்கியத்தைச் சரியாக எழுதுவதுதான் எழுத்தாளன் வேலை என்றால் இரண்டு பேரும் வேலை செய்யவில்லை.

பொதுவாகப் பேசினால் தப்பித்துக்கொள்ள வழிகள் நிறைய. ஆகவே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம். சூடானின் மேற்குப் பகுதியான தார்ஃபூர். உலகத்தின் முதல் காலநிலை யுத்தம் என்று பலராலும் பட்டம் சூட்டப்பட்டது அதற்குத்தான். 2007 ஜூனில், அப்போது ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பான் கி மூன், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தார்ஃபூர்ச் சண்டை ஒரு சுற்றுச்சூழல் நெருக்கடியாகத் தொடங்கியது, அந்த நெருக்கடிக்கு ஓரளவாவது காலநிலை மாற்றம் காரணம் என்பது அதன் சாரம். அவர் நல்லெண்ணத்துடன்தான் எழுதியிருப்பார். ஆனால் கார்ட்டூமில் இருந்த அரசாங்கத்துக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு இருந்திருக்காது. கிராமங்களை எரித்தது யார் என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மழை பெய்யவில்லை என்று ஒரு பதில் கிடைத்தது.

2

மழை குறைந்தது பொய்யில்லை. சஹாராவின் தெற்கு விளிம்பில் செனகலிலிருந்து சூடான்வரை நீளும் சாஹேல் என்ற புல்வெளிப் பட்டை 1960களின் கடைசியிலிருந்து காய்ந்தது. 1970களின் தொடக்கத்தில் ஒரு பஞ்சம், 1984-85இல் இன்னொன்று. இரண்டாவது பஞ்சத்தில் தார்ஃபூர் மக்கள் எப்படிச் செத்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்பதை அலெக்ஸ் டி வால் அங்கேயே இருந்து ஆராய்ந்து 1989இல் புத்தகமாக எழுதினார். 1985இல் அவர் சந்தித்தவர்களில் ஒருவர் ஷேக் ஹிலால் என்ற முதியவர். ஒட்டகம் மேய்க்கும் அரபுக் குழு ஒன்றின் தலைவர். காற்று மணலைக் கொண்டுவந்து விளைநிலத்தில் கொட்டுகிறது, எப்போதாவது பெய்யும் மழை இருக்கிற வண்டலையும் அரித்துக்கொண்டு போகிறது, தங்களுக்கும் தங்கள் ஒட்டகங்களுக்கும் இடம் கொடுத்துவந்த விவசாயிகள் இப்போது வழியை மறிக்கிறார்கள் என்று அவர் சொன்னதை டி வால் பின்னால் எழுதினார். பிரபஞ்சத்தின் ஒழுங்கே குலைந்துவிட்டது என்பது அந்த முதியவரின் துக்கம்.

அவருடைய மகன் மூசா ஹிலால். 2003இலும் 2004இலும் ஃபூர், மசாலித், ஜகாவா மக்களின் கிராமங்களை எரித்த ஜன்ஜவீத் படைகளின் தலைவர்களில் முதன்மையானவராக உலகம் அறிந்த பெயர்.

இதை நம் கவிஞரிடம் கொடுத்தால் அவருக்கு அரை மணி நேரம் போதும். தகப்பன் வறட்சியைக் கண்டான், ஆகவே மகன் துப்பாக்கியை எடுத்தான். அந்த 'ஆகவே'யில்தான் மோசடி இருக்கிறது. தகப்பனின் துக்கத்துக்கும் மகனின் துப்பாக்கிக்கும் நடுவே 18 வருஷங்கள் இருக்கின்றன. அந்த வருஷங்களுக்குள்ளும் அதற்குச் சற்று முன்பும் என்ன நடந்தது என்று பார்க்காதவனுக்கு அந்த 'ஆகவே'யை எழுத உரிமை கிடையாது.

'தார்' என்றால் அங்கே வீடு, நாடு. தார்ஃபூர் என்றால் ஃபூர் மக்களின் நாடு. சுல்தான்கள் காலத்து நிலமானியங்களும், பின்னால் வந்த ஆங்கிலேயர் ஆட்சி கோடு போட்டு உறுதிப்படுத்திய எல்லைகளும் சில குழுக்களுக்குத் தார் கொடுத்தன. வடக்கே ஒட்டகம் மேய்த்த அரபுக் குழுக்கள் பலவற்றுக்குத் தார் இல்லை. மழை இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. மேய்ச்சல் பாதைகள் இருந்தன, சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஊர்த் தலைவர்கள் இருந்தார்கள். 1970இல் சூடான் அரசு ஒரு சட்டம் போட்டுப் பதிவு செய்யப்படாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றது. 1971இல் நிமெய்ரி ஆட்சி பழைய ஊர் நிர்வாக முறையைக் கலைத்தது. மழை குறைந்து வழக்குகள் பெருகத் தொடங்கிய அதே சமயத்தில் வழக்கைத் தீர்க்கிற பஞ்சாயத்து எடுக்கப்பட்டுவிட்டது. 1980களில் சாட் நாட்டுடன் கடாஃபி நடத்திய யுத்தம் தார்ஃபூர் வழியாகத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது. 1987இலிருந்து 1989வரை ஃபூர்களுக்கும் அரபுக் குழுக்களுக்கும் பெரும் சண்டை. 2003இல், தங்கள் பகுதி புறக்கணிக்கப்படுகிறது என்று சொல்லித் தார்ஃபூரில் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியபோது, அரசாங்கம் தார் இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து ஆயுதம் கொடுத்தது. வானத்திலிருந்து அரசின் விமானங்கள் குண்டு போட்டன, தரையில் குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்தவர்கள் எரித்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

இன்னொரு விவரம். மைக்கேல் கெவேன், லெஸ்லி கிரே என்ற இருவர் 2008இல் தார்ஃபூரின் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மழை சரிந்தது 1971 வாக்கில். அதற்குப் பிறகு யுத்தம் தொடங்கும்வரையிலான 30 வருஷங்களில் புதிய சரிவு ஏதும் இல்லை. அதே வறட்சி செனகலையும் நைஜரையும் தாக்கியது. அங்கே எல்லாம் 2003 நடக்கவில்லை.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2009இல் போர்க்குற்றங்களுக்காகவும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும், 2010இல் இனப்படுகொலைக்காகவும் பிடி ஆணை போட்டபோது அதில் எழுதியிருந்த பெயர் ஒமர் அல் பஷீர். நீதிமன்றத்துக்கு எழுவாய் தெரிந்திருந்தது.

3

இந்த இடத்தில் முற்போக்கு நண்பர் சந்தோஷமாக எழுந்திருப்பார். நாங்கள் சொன்னோமே, காலநிலை எல்லாம் வெறும் பம்மாத்து என்பார். அவர் உட்காரலாம். அவருடைய முறை இப்போதுதான் வருகிறது.

சாஹேல் ஏன் காய்ந்தது? 1970களில் கிடைத்த பதில், ஆடுமாடுகள். மேய்ப்பவர்கள் அளவுக்கு மீறி மேய்த்தார்கள், புல் போய் மண் வெளுத்தது, வெளுத்த மண் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியதால் மேகம் கூடவில்லை, மழை போயிற்று. 1975இல் ஜூல் சார்னி என்ற விஞ்ஞானி இந்தக் கருதுகோளைக் கணக்குப் போட்டு முன்வைத்தார். விஞ்ஞானி கருதுகோளாகச் சொன்னதை அதிகாரிகளும் உதவி நிறுவனங்களும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். செத்தவனே கொலைகாரன் என்ற தீர்ப்பு வெகுகாலம் நிலைத்தது.

2003இல் அலெஸாண்ட்ரா ஜியானினியும் சக ஆய்வாளர்களும் கடல்களின் வெப்பநிலையை மட்டும் கணினி மாதிரியில் கொடுத்துப் பார்த்தபோது சாஹேலின் வறட்சி பெருமளவு அதிலேயே வெளிவந்தது. இந்துமகா சமுத்திரம் சூடேறியதும் அட்லாண்டிக்கின் வடக்கும் தெற்கும் வேறுவேறு விதமாக மாறியதும் மழைப் பட்டையை இடம் மாற்றியிருந்தன. வட அட்லாண்டிக் ஏன் தெற்கைவிடக் குளிர்ந்தது? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் வெளியிட்ட கந்தகப் புகை வெயிலை மறைத்ததற்கு அதில் பங்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த நாடுகள் தம் மக்களின் நுரையீரலுக்காகப் புகையைக் குறைத்தபின் சாஹேலின் மழை ஓரளவு மீண்டது. அந்த மீட்சியிலும் இதற்குப் பங்கு இருக்கக்கூடும் என்கிறார்கள்.

ஆக, ஷேக் ஹிலால் மேய்ச்சலுக்கு நம்பியிருந்த மழை தெற்கே விலகிப் போனதில் எங்கோ வடக்கே இருந்த புகைபோக்கிகளுக்கும் கை இருந்தது. அந்தப் புகைபோக்கிகளின் முதலாளிகளுக்கு ஒட்டகம் என்றால் சர்க்கஸ். ஏகாதிபத்தியம் என்று கோஷம் போடுகிறவர், அது மழைமானியில் மில்லிமீட்டராக அளக்கக்கூடிய அளவு ஸ்தூலமாக இருக்கிற ஓர் இடத்தை, வானிலைக்காரர்கள் பாடு என்று தள்ளிவிட்டுப் போகிறார். தன் வாதத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சாட்சியைத் தானே கோர்ட்டுக்கு வெளியே நிறுத்துகிற வக்கீல் அவர்.

முழு வாக்கியம் இப்படி வரும். வடக்கின் புகையும் சூடேறிய கடலும் சேர்ந்து மழையைக் குறைத்தன. மழை குறைந்த இடத்தில் கார்ட்டூம் அரசு பஞ்சாயத்தைக் கலைத்தது, நிலத்தை எடுத்துக்கொண்டது, நிலமில்லாதவனுக்குத் துப்பாக்கி கொடுத்தது. அவன் அண்டை வீட்டுக்காரனைத் துரத்தினான். இந்த வாக்கியம் கவிதை வரியாக அழகில்லாமல் இருக்கலாம். ஆனால் இதில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.

4

துப்பாக்கியே இல்லாத இடத்தில் என்ன சொல்வீர் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பசிபிக்கில் உள்ள துவாலுவையும் கிரிபாட்டியையும் யாரும் எரிக்கவில்லை. கடல் ஏறுகிறது, நன்னீர் உப்பாகிறது, அவ்வளவுதான். இங்கேயாவது எழுவாய் இயற்கைதானே?

சரி, அங்கிருந்து ஒருவர் புறப்பட்டுப் போகட்டும். கிரிபாட்டியைச் சேர்ந்த யோவானே டெய்ட்டியோட்டா நியூசிலாந்தில் அகதி அந்தஸ்து கேட்டார். 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களால் துன்புறுத்தப்படுவோரை மட்டுமே அகதி என்கிறது. கடல் யாரையும் இனம் பார்த்துத் துன்புறுத்துவதில்லை. 2015இல் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். 2020இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, காலநிலை மாற்றத்தால் உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாத நிலை வரலாம் என்று கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. அவர் விஷயத்தில் அந்த நிலை இன்னும் வரவில்லை என்றும் சொல்லிவிட்டது.

துவாலுவுக்கு இன்னும் நாகரிகமான ஏற்பாடு. 2023இல் ஆஸ்திரேலியாவுடன் கையெழுத்தாகி 2024இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். பதிலுக்கு, பாதுகாப்பு விஷயங்களில் வேறு எந்த நாட்டுடனும் துவாலு உறவு வைத்துக்கொள்வதற்கு ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாட்டின் பெரும்பான்மை மக்கள் பெயர் கொடுத்தார்கள். நிலக்கரி ஏற்றுமதியில் உலகத்தின் முன்வரிசையில் இருக்கும் நாடு, மூழ்கும் நாட்டுக்கு வருஷத்துக்கு 280 நாற்காலி போட்டு அதன் வெளிவாசல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டது. கடல்தான் ஏறியது, ஆனால் கையெழுத்து கடல் போட்டதல்ல. துப்பாக்கியே இல்லாத இடத்திலும் யார் போகலாம், எத்தனை பேர், என்ன விலைக்கு என்பதை ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானிக்கிறான்.

நம் கவிஞர்கள் கருணையின் சொல்லாக நினைத்துக் கையாளும் 'காலநிலை அகதி' என்ற தொடர் வெளியுலகில் என்ன வேலை செய்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2010க்குள் 5 கோடிப் பேர் சுற்றுச்சூழல் அகதிகள் ஆவார்கள் என்று ஒரு கணிப்பு உலவியது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் வரைபடத்திலும் ஏறியது. 2010 வந்து போனது, 2011இல் அந்த வரைபடம் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. அதற்குள் அந்த எண் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. 2003இல் அமெரிக்க ராணுவத் தலைமையகத்துக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கை, வளமுள்ள நாடுகள் தம்மைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொள்ளும் எதிர்காலத்தை அமைதியாக வர்ணித்தது. கோடி கோடியாக வருகிறார்கள் என்று சொல்லிவிட்டால் மறுநாள் காலை கொத்தனார் வந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் கதை தார்ஃபூருக்கே திரும்புகிறது. ஜன்ஜவீத்களிலிருந்து 2013இல் 'துரித உதவிப் படை' என்ற பெயரில் ஒரு படை உருவாக்கப்பட்டது. ஹெமெத்தி என்று அறியப்படும் முகம்மது ஹம்தான் தகாலோ அதன் தலைவர். 2014இல் ஐரோப்பிய ஒன்றியம், ஆப்பிரிக்காவிலிருந்து வருவோரைக் கட்டுப்படுத்த, சூடானையும் சேர்த்துக்கொண்டு 'கார்ட்டூம் செயல்முறை' என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஐரோப்பாவுக்காகத் தாங்களே எல்லையைக் காப்பதாக ஹெமெத்தி பெருமை பேசினார். அப்படைக்குத் தாங்கள் பணம் கொடுக்கவில்லை என்று ஒன்றியம் மறுத்தது. யார் சொன்னது உண்மை என்பது இருக்கட்டும். கிராமத்தை எரித்தவனே, எரிந்த கிராமத்திலிருந்து ஓடுகிறவனைத் தடுக்கும் காவல்காரனாகத் தன்னை விளம்பரம் செய்துகொள்ள முடிந்தது. 2017இல் அதே ஹெமெத்தி மூசா ஹிலாலைக் கைது செய்து ஜெபல் ஆமிர் தங்கச் சுரங்கத்தைக் கைப்பற்றினார். மழைக்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வறட்சிக் கவிஞர்கள் விளக்கவேண்டும்.

பிறகு நடந்தவை சமீபத்திய விஷயங்கள். 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் துரித உதவிப் படைக்கும் யுத்தம் மூண்டது. 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். 2004இலிருந்து ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த, சுமார் 5 லட்சம் பேராகப் பெருகிவிட்ட ஜம்ஜம் முகாமில் 2024 ஆகஸ்டில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. மழை பொய்த்ததால் வந்த பஞ்சமல்ல. முற்றுகை வழியை அடைத்ததால் வந்தது. 2025 ஏப்ரலில் அந்த முகாமையே தாக்கிப் பிடித்தார்கள். 20 வருஷம் முன்னால் ஓடியவர்கள் மறுபடி ஓடினார்கள். அக்டோபரில் எல் ஃபாஷர் நகரம் விழுந்தது. இதற்கிடையே ஆகஸ்ட் 31 அன்று, யுத்தத்திலிருந்து தப்பியவர்கள் பலர் ஒதுங்கியிருந்த ஜெபல் மர்ரா மலைப்பகுதியில், பல நாள் கனமழைக்குப் பின் மண் சரிந்து தராசின் என்ற கிராமம் அழிந்தது. நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். பெய்யாத மழைக்கும் பெய்த மழைக்கும் நடுவே அந்த மக்களை அந்த மலைக்கு ஏற்றியது யார் என்பதுதான் கேள்வி.

5

இதெல்லாம் நம் வட்டத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். 'அகதி' என்ற சொல்லுக்காக. கதி இல்லாதவன் அகதி. தார் இல்லாதவன் என்று அங்கே சொல்வதற்குத் தமிழில் இத்தனை அருகில் வேறு சொல் இல்லை. 1983க்குப் பிறகு இந்தச் சொல்லுக்குத் தமிழில் முகவரியே வந்துவிட்டது: ராமேஸ்வரக் கரை, மண்டபம் முகாம், பதிவேடு, மாலையில் ஆள் எண்ணிக்கை. 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. சொல் காயப்படுத்துகிறது என்பதால் செய்த மாற்றம், அதில் மரியாதை இருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகையோடு குடியுரிமை வந்துவிடவில்லை. முகாமுக்குள் 40 வருஷமாக ஒரு சொல்லைச் சுமந்து, அதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறவர்கள் இருக்கும் ஊரில், முகாமுக்கு வெளியே சொந்த வீட்டு மாடியில் உட்கார்ந்து நாம் எல்லோருமே அகதிகள்தான் என்று எழுதுவது கவித்துவம் அல்ல, அபகரிப்பு. அவனிடம் மிச்சம் இருந்த ஒரே பொருள் அந்தச் சொல். அதையும் எடுத்துக்கொள்கிறோம்.

திணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து பாலையாவதைப் பழந்தமிழ் மரபு முன்பே சொல்லிவிட்டது, ஆகவே நம்மிடம் ஒரு சூழலியல் தயாராக இருக்கிறது என்று கட்டுரைகள் வருகின்றன. இருக்கட்டும். ஆனால் அந்த மரபு பாலைக்குரிய மக்களாக ஆறலை கள்வரையும், பாலைக்குரிய தொழிலாக வழிப்பறியையும் சூறையாடலையும் சேர்த்தே வைத்தது. காய்ந்த நிலத்தில் கொள்ளையடிக்கிறவன் நிற்கிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் புதிய திணைக்காரர்கள் வறட்சியை எடுத்துக்கொண்டு கள்வரை விட்டுவிட்டார்கள். பாதித் திணையை வைத்துக்கொண்டு மரபின் வாரிசு என்று சொல்லிக்கொள்வதை எதில் சேர்ப்பது?

இதைப் படித்துவிட்டு, கவிதையைச் செய்திக் கட்டுரையாக்கச் சொல்கிறான் என்று ஒரு நண்பர் மறுப்பு எழுதுவார். நான் கேட்பது அதைவிடக் குறைவு. காலநிலையால் இடம்பெயர்ந்தவன் என்று ஒருவனைப் பற்றி எழுதப் போகிறவர், அவன் எந்த ஊரை விட்டு எந்த ஊருக்குப் போனான், அவன் விட்ட நிலத்தை இன்று யார் உழுகிறான் என்ற இரண்டு கேள்விக்காவது தமக்குள் பதில் வைத்துக்கொண்டு எழுதட்டும். பதில் கவிதையில் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. பதில் தெரிந்தவன் கை எழுதும் வரி வேறு, தெரியாதவன் கை எழுதும் வரி வேறு என்பது நம் பத்திரிகைகளின் எந்த இதழைப் புரட்டினாலும் தெரியும்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. துரத்தப்பட்டவனைப் பற்றி இரங்குவது சுலபம், அவன் நிலத்தில் நிற்பவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது கஷ்டம். தார்ஃபூரில் எரிந்த கிராமங்கள் பலவற்றின் நிலத்தில் வேறு ஆட்கள் குடியேறினார்கள். திரும்பிப் போக விரும்பியவர்களுக்குத் தடையாக நின்றது வானம் அல்ல. அந்த நிலத்தில் மறுபடி மழை பெய்தது. அறுத்துக்கொண்டு போனவன் வேறு ஒருவன்.